பழைய சொகுசு செடானைப் பார்க்கப் போகிறீர்களா? சொல்லாமல் போங்கள்

ஏறக்குறைய ஒரே விலையில் இரண்டு வண்டிகள் கிடைத்தன. ஒன்று 12 வருடப் பழைய சொகுசு செடான், இன்னொன்று 3 வருட மினிவேன். வீட்டில் 5 பேர், அம்மாவுக்கு முட்டி வலி. மினிவேனின் சறுக்குக் கதவைத் திறந்ததும் அம்மா குனியாமல் ஏறி உட்கார்ந்து, "இதுவே போதும்பா" என்றார். நான் கேட்கவில்லை. செடானின் கதவைச் சாத்தும்போது 'தொப்' என்று ஒரு கனமான சத்தம் வருமே, அதில் விழுந்துவிட்டேன்.

எந்த பிராண்டு, யார் விற்றார் என்று கேட்காதீர்கள். வண்டியின் மேல் எனக்குக் கோபமில்லை, காட்டிய விதத்தில்தான்.

நான் போய்ச் சேர்ந்தபோது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. "உங்களுக்காக ஏசி போட்டு வெச்சேன் சார்" என்றார் விற்றவர். எவ்வளவு நல்ல மனுஷன் என்று நினைத்தேன். டெஸ்ட் டிரைவில் மிதப்பதுபோல் போனது, டாஷ்போர்டில் ஒரு எச்சரிக்கை விளக்கும் இல்லை. அன்றே பணம் கொடுத்துவிட்டேன்.

இரண்டாம் நாள் காலை பார்த்தால் பின்பக்க இடது மூலை படுத்துக் கிடக்கிறது. டயருக்கும் அதன் மேல் விளிம்புக்கும் நடுவே ஒரு விரல்கூடப் போகவில்லை. ஸ்டார்ட் செய்ததும் அடியில் காற்றடிக்கும் கம்ப்ரெஸர் உறுமியது, வண்டி மெல்ல எழுந்து நின்றது. ஏர் சஸ்பென்ஷன் என்றால் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர் பை. வயதானால் ரப்பரில் வெடிப்பு விழும், ராத்திரியெல்லாம் காற்று கசியும். அதை ஈடுகட்ட ஓடி ஓடிக் கம்ப்ரெஸரும் எரிந்துபோகும். எனக்கு மூன்றாவது வாரம் எரிந்தது. அவர் ஏசி என்று சொல்லி எஞ்சினை ஓடவிட்டது எனக்காக அல்ல, வண்டியை எழுப்பி நிறுத்த.

அப்புறம் புகை. ராத்திரி முழுக்க நின்ற எஞ்சினைக் காலையில் கிளப்பினால் சைலன்ஸரில் நீலமாக ஒரு கொத்து வரும், சில விநாடிகளில் மறைந்துவிடும். வால்வு சீல் தேய்ந்து ஆயில் உள்ளே இறங்குகிறது என்றார் மெக்கானிக். சூடான எஞ்சினில் இது கண்ணில் படாது.

எச்சரிக்கை விளக்கு ஏன் எரியவில்லை? வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பிழைக் குறியீடுகளை அழித்துவிட்டுக் காட்டியிருக்கிறார். அந்தக் கம்ப்யூட்டரைப் படிக்கும் சாதாரண ஓபிடி ஸ்கேனரைச் செருகியிருந்தால் அப்போதே பிடித்திருக்கலாம். குறியீடுகளை அழித்தால் வண்டி தன்னைத்தானே சோதிக்கும் 'ரெடினெஸ்' பட்டியலும் காலியாகிவிடும்; திரும்ப நிரம்ப சில நாள் பலவிதமாக ஓட்ட வேண்டும். தினமும் ஓடுவதாகச் சொல்லும் வண்டியில் அந்தப் பட்டியல் பாதி முடியாமல் இருந்தால், கிளம்பி வந்துவிடுங்கள். நான் வாங்கிய பிறகுதான் ஸ்கேன் செய்தேன். என்ன புத்தியோ!

விலையை ஒப்பிட்டதிலும் ஏமாந்தேன், அதற்கு அவரைக் குற்றம் சொல்ல முடியாது. வண்டியின் விலைதான் 12 வருடத்தில் இறங்கியது, உதிரிபாகத்தின் விலை இறங்கவில்லை. அந்த மினிவேனுக்கு கம்பெனி வாரண்டியே பாக்கி இருந்தது.

போன் செய்தேன். "பழைய வண்டின்னா அப்படித்தான் சார்" என்றார். அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

இப்போது நானே விற்கப் பார்க்கிறேன். நேற்று காலை ஒருவர் வந்தார். எஞ்சினைத் தொடாமல், மூலை படுத்த நிலையிலேயே காட்டினேன். சுற்றி வந்து பார்த்தார், கதவை ஒருமுறை சாத்திப் பார்த்தார், 'தொப்'. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "மினிவேன் ஏதாவது விற்பனைக்கு வந்தா சொல்லுங்க" என்று கிளம்பிவிட்டார்.