இலக்கணத் திருத்தியும் ‘சஜெஸ்ட்’ படுத்தும் பாடும்

ஆங்கில இலக்கணம் திருத்தும் மென்பொருளின் ஆண்டுச் சந்தாவைக் குறைத்திருக்கிறார்களாம், எடுக்கலாமா என்று நண்பர் கேட்டார். நான் பல வருடமாக அதை வைத்துத்தான் எழுதுகிறேன். என்னென்ன வசதி என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதற்குள் போகவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ‘ஏ’, ‘தி’ விட்டுப்போனால் தப்பாமல் பிடித்துவிடும். ‘டிஸ்கஸ்’ பக்கத்தில் ‘அபௌட்’ போட்டால் உடனே கோடு விழும். ‘எனக்கு ஒரு புத்தகம் சொல்லுங்க’ என்ற நினைப்பில் ‘சஜெஸ்ட் மீ எ புக்’ என்று அடித்தால், ‘சஜெஸ்ட் எ புக் டு மீ’ என்று மாற்றித் தரும். ‘ஹீ சஜெஸ்டட் டு கோ’ என்பதை ‘சஜெஸ்டட் கோயிங்’ ஆக்கும். இதுவரை குறையே இல்லை.

அதே ‘சஜெஸ்ட்’டுக்குப் பின்னால் ‘தட்’ வந்துவிட்டால் போதும், எனக்குப் பொறுமை போய்விடும்.

‘தி டாக்டர் சஜெஸ்டட் தட் ஹீ ஸ்டாப் ஸ்மோக்கிங்.’ மருத்துவர் அவரைப் புகைப்பதை நிறுத்தச் சொன்னார். சரியான வாக்கியம். யோசனை சொல்லும்போது ‘ஹீ’க்குப் பின்னாலும் வினை விகுதி எதுவும் சேராமல் மொட்டையாகத்தான் நிற்கும், முன்னால் இறந்தகாலம் இருந்தாலும் அப்படித்தான். இந்த மென்பொருளோ ‘ஸ்டாப்’பை ‘ஸ்டாப்டு’ ஆக்கச் சொல்கிறது. பேச்சில் அப்படிச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் எழுத்தில் படிக்கிறவர், அவர் ஏற்கெனவே நிறுத்திவிட்டார் என்று மருத்துவர் கோடிகாட்டியதாகவும் எடுத்துக்கொள்ளலாம். ‘சஜெஸ்ட்’டுக்கு அந்தப் பொருளும் உண்டே! எதிர்மறையில் நிலைமை இன்னும் மோசம். ‘சஜெஸ்டட் தட் ஹீ நாட் டிரைவ்’ என்றால் வண்டி ஓட்ட வேண்டாம் என்ற அறிவுரை. ‘டிட் நாட் டிரைவ்’ என்று மாற்றினால், அவர் ஓட்டவில்லை என்று யாரோ சொன்னதுபோல் ஆகிவிடும். மருத்துவக் கடிதத்திலோ புகார் மனுவிலோ இது சின்ன விஷயமா? ‘இன்சிஸ்ட்’ என்ற வினைக்கும் இதே கதிதான்.

சரி, ‘ஷுட்’ சேர்த்துப் பார்ப்போம் என்று ‘ஹீ ஷுட் ஸ்டாப்’ என எழுதினேன். பிரிட்டிஷ் எழுத்தில் சகஜமான வடிவம், பொருளிலும் குழப்பம் வராது. உடனே வேறு நிறத்தில் ஒரு கோடு: வாக்கியத்தைச் சுருக்கலாம், ‘ஷுட்’டை எடுத்துவிடு. எடுத்தேன். மறுபடி ‘ஸ்டாப்’புக்குக் கீழே சிவப்புக் கோடு. அதைத் தட்டினால் ‘வினை வடிவம் தவறாக இருக்கலாம்’ என்று ஒற்றை வரி. ஏன் தவறு, எந்தப் பொருளில் தவறு, ஒன்றும் கிடையாது.

இதெல்லாம் யாரும் கண்டுகொள்ளாத நுணுக்கம் இல்லை. ஏ. எஸ். ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தபோது கேட்டன்பி, வேக்ஃபீல்டு இருவரோடும் சேர்ந்து தொகுத்த அகராதி 1942இல் அங்கே வெளிவந்தது. ஒவ்வொரு வினைக்கும் பின்னால் எந்த அமைப்பு வரும் என்று வகைபிரித்துக் காட்டியதுதான் அதன் சிறப்பு. 1948இல் அதையே ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்டது. மொழியைப் பிறகு கற்கிறவருக்குப் பொருள் மட்டும் போதாது, வினைக்குப் பின்னால் எதை வைப்பது என்பதும் தெரிய வேண்டும் என்று அந்த ஆசிரியருக்குப் புரிந்திருந்தது. இன்றைக்கும் கற்போர் அகராதி எதைத் திறந்தாலும் ‘சஜெஸ்ட்’டின் இரண்டு பொருளும் தனித்தனியே எடுத்துக்காட்டோடு இருக்கும். காசு வாங்குகிற மென்பொருளுக்கு அது ஏன் எட்டவில்லை?

‘ஏ’, ‘தி’ தடுமாற்றத்துக்கு இதைவிட நல்ல துணை நான் பார்த்ததில்லை, அது உண்மை. இருந்தாலும் நண்பரிடம் எடுக்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். இந்த முறை நானும் புதுப்பிக்கப் போவதில்லை. போன வாரம் ஒருவருடைய விடுப்புக் கடிதத்தில் ‘நாட்’டுக்கு முன்னால் ‘டிட்’ போடச் சொல்லி மூன்றாவது முறையும் கோடு போட்டது. அதோடு எனக்குப் போதும் என்றாகிவிட்டது.