ஒர்வியேட்டோவா, சிவிட்டாவா?

ரோமில் தங்கியிருந்து, இத்தாலிய மலையூர் ஒன்றுக்காக ஒரே ஒரு நாளைத்தான் ஒதுக்க முடியும் என்றால், போட்டி ஒர்வியேட்டோவுக்கும் சிவிட்டா தி பான்யோரேஜியோவுக்கும்தான். நடுவே ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். இரண்டுமே எரிமலைச் சாம்பல் இறுகிய பாறைமேட்டில், ரோமானியருக்கு முந்தைய எட்ருஸ்கர்கள் அமைத்த ஊர்கள். ஒன்று செழித்தது, மற்றது கரைந்துகொண்டே இருக்கிறது.

வசதியில் ஒர்வியேட்டோவை மிஞ்ச முடியாது. ரோமிலிருந்து நேரே ரயில். நிலையத்துக்கு எதிரிலேயே மேட்டுக்கு ஏற்றிச் செல்லும் இழுவை ரயில். 1290இல் தொடங்கிய பேராலயமும் அதனுள் லூக்கா சிஞோரெல்லி தீட்டிய உலக முடிவின் காட்சிகளும் ஊரின் பெருமை. அவற்றைவிட என்னை வியக்க வைப்பது அங்குள்ள கிணறு. 1527இல் ரோம் சூறையாடப்பட்டபோது இங்கே தஞ்சம் புகுந்த போப் ஏழாம் கிளமெண்ட், முற்றுகை நேர்ந்தால் ஊர் தண்ணீருக்குத் தவிக்கக் கூடாது என்று வெட்டச் சொன்னது. ஆழம் ஐம்பது மீட்டருக்கும் மேல். சுற்றுச்சுவருக்குள் ஒன்றோடொன்று சேராமல் சுழலும் இரண்டு படிவரிசைகள், ஒவ்வொன்றிலும் 248 படிகள். வெறுங்குடத்தோடு இறங்கும் கோவேறு கழுதையும் நீரோடு ஏறும் கழுதையும் வழியில் முட்டிக்கொள்ளவே மாட்டா.

சிவிட்டாவில் இப்படிப்பட்ட சாதனை எதுவும் இல்லை. அந்த ஊர் நின்றுகொண்டிருப்பதே சாதனை. மேலே பாறை, அடியில் களிமண். இருபுறமும் ஓடும் ஓடைகளும் மழையும் களிமண்ணை அரிக்க, பிடிமானம் போன பாறை விளிம்பு பாளம் பாளமாகச் சரிகிறது. 1695 நிலநடுக்கத்துக்குப் பிறகு கத்தோலிக்க ஆயரும் நிர்வாகமும் பக்கத்து பான்யோரேஜியோவுக்கு இடம் பெயர்ந்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டு இறையியலாளர் புனித பொனவெந்தூரா பிறந்த வீடு எப்போதோ பள்ளத்தில் விழுந்துவிட்டது. இரண்டு ஊர்களையும் இணைத்திருந்த நிலமும் அரித்துப்போய், இப்போது 1965இல் கட்டிய நடைபாலம் ஒன்றே வழி. ஆண்டு முழுக்கக் குடியிருப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே.

பாலத்தில் ஏறும்போது தெரியும் பள்ளத்தாக்குதான் இந்த ஊரின் உண்மையான அருங்காட்சியகம். புல்கூடப் பிடிக்காத வெளிறிய களிமண் முகடுகள், கத்தி முனைபோல் கூர்மையாக வரிசைகட்டி நிற்கின்றன. பாலம் முடிகிற வாசலின் மேலே பாருங்கள்: மனிதத் தலையை நகங்களில் பற்றிய கற்சிங்கங்கள். தங்களை அடக்கியாண்ட மொனால்தெஸ்கி குடும்பத்தை ஊரார் விரட்டியதன் நினைவு என்பார்கள். அந்தக் குடும்பம் எந்த ஊரைச் சேர்ந்தது தெரியுமா? ஒர்வியேட்டோ!

கலைக்காகப் போகிறவர்கள் தயங்காமல் ஒர்வியேட்டோவைத் தேர்ந்தெடுக்கலாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் அதுதான் சரி; சிவிட்டாவின் பாலம் கடைசியில் செங்குத்தாக ஏறுகிறது, வாகனம் கிடையாது. என் ஓட்டு சிவிட்டாவுக்கு. பேராலயத்தை அடுத்த தலைமுறையும் பார்க்கும். சிவிட்டாவின் விளிம்பு அதுவரை இதே இடத்தில் இருக்காது. 2013 முதல் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒர்வியேட்டோவிலிருந்து பான்யோரேஜியோவுக்கு பஸ் உண்டு. ஆனால் வார நாளாகப் பார்த்துக் கிளம்புங்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்ப முடியாது.