துளி விழும் இடமும் எண்ணெய் கசியும் இடமும்: பழைய டீசல் காரோடு இரண்டு ஆண்டுகள்

என்னிடம் இருப்பது 2010-ஆம் ஆண்டு மாடல், 1.3 லிட்டர் டீசல் ஹேட்ச்பேக். கோவையில் வாங்கி, கோவையிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. இதுவரை 2,21,000 கிலோமீட்டர் கடந்திருக்கிறது. இங்கே சொல்லப்போகும் சிக்கல் வயதான எந்த டீசல் இன்ஜினுக்கும் வரக்கூடியதுதான் என்பதால் தயாரித்த நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. சிக்கல் ஆயில் கசிவு. அதைக் கண்டுபிடிக்க ஐந்து மாதம் ஆயிற்று. சரிசெய்ய ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை.

2023 ஜூனில் ஒரு காலை, எங்கள் குடியிருப்பின் காவலாளி, "சார், உங்க வண்டிக்கடியில கருப்பா சொட்டியிருக்குதுங்க, பாத்துக்கங்க" என்றார். குனிந்து பார்த்தபோது இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்கு நேர் கீழே, ஒரு ரூபாய் நாணயம் அளவில் மூன்று கறைகள் இருந்தன. அன்றிரவே பழைய ஃபிரிட்ஜ் அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து வண்டிக்கு அடியில் விரித்து, முன்சக்கரம் நிற்கும் இடத்தை அதில் பேனாவால் குறித்துவைத்தேன். இந்தக் குறிப்பு இல்லாவிட்டால், மறுநாள் வண்டியை அரை அடி தள்ளி நிறுத்தியதும் துளி எங்கிருந்து விழுந்தது என்பதே குழம்பிவிடும்.

சொட்டுவது எது என்பதை உறுதிசெய்வதுதான் முதல் வேலை. கூலன்ட் என்றால் நிறம் தெரியும், தொட்டால் லேசாக வழுவழுக்கும். டீசலின் வாடையைச் சொல்லவே வேண்டாம். கியர் ஆயிலுக்குக் கந்தகம் கலந்த ஒரு நெடி உண்டு, ஒருமுறை முகர்ந்தவர் மறக்கமாட்டார். எனக்குக் கிடைத்தது கறுத்து நீர்த்த, நெடியில்லாத எண்ணெய். ஆகவே இன்ஜின் ஆயில். ஆயில் கேஜை எடுத்துப் பார்த்தபோது, மேல்கோட்டில் இருந்த அளவு 1,500 கிலோமீட்டரில் நடுப்பகுதிக்கு இறங்கியிருந்தது. மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் இடையே பெரும்பாலான கார்களில் ஏறத்தாழ ஒரு லிட்டர் என்று வைத்துக்கொண்டால், சுமார் அரை லிட்டர் எண்ணெய் போயிருக்கிறது. அட்டையில் விழுந்த துளிகளை வைத்துப் பார்த்தால் அவ்வளவு வராது. அப்படியானால் ஓடும்போதுதான் அதிகம் கசிகிறது என்பது அப்போதே புரிந்திருக்க வேண்டும், எனக்குப் புரியவில்லை.

முதலில் போன பட்டறையில் பானட்டைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஹெட் கவர் கேஸ்கட் (இன்ஜினின் மேல்மூடிக்கு அடியில் எண்ணெய் கசியாமல் அடைக்கும் பட்டை) போயிருக்கிறது என்றார்கள். கேஸ்கட்டும் கூலியும் சேர்த்து 2,800 ரூபாய். மூன்று வாரத்தில் அதே இடத்தில் அதே துளி. இரண்டாவது பட்டறையில் வண்டியை லிஃப்டில் ஏற்றி, இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் அடிப்பகுதி நனைந்திருப்பதைக் காட்டி, "கிராங்க் பின்பக்க ஆயில் சீல் சார். கியர்பாக்ஸ இறக்கித்தான் ஆகோணும், இறக்குனதுக்கு அப்புறம் கிளட்ச் செட்டும் மாத்திருங்க" என்று 24,000 ரூபாய்க்கு மதிப்பீடு எழுதித் தந்தார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. இன்ஜினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்டின் பின்முனையைச் சுற்றியிருக்கும் இந்த ஆயில் சீல் கசிந்தால் எண்ணெய் பெல் ஹவுசிங்குக்குள் இறங்கி, அதன் அடிப்பகுதி வழியாகத்தான் சொட்டும். சீலின் விலை சில நூறு ரூபாய்தான் என்றாலும் அதை எட்ட கியர்பாக்ஸைக் கழற்றியே ஆகவேண்டும். கழற்றிய கையோடு தேய்ந்த கிளட்சை மாற்றுவதும் புத்திசாலித்தனமே. ஆனால் என் வண்டியில் கிளட்ச் வழுக்கவும் இல்லை, புறப்படும்போது உதறவும் இல்லை. உள்ளே எண்ணெய் இறங்கியிருந்தால் ஐந்து மாதத்தில் ஏதாவது ஓர் அறிகுறி தெரிந்திருக்குமே என்ற சந்தேகத்தில்தான் மூன்றாவதாக ஒருவரிடம் போனேன்.

சிங்காநல்லூர் பக்கம் தனியாளாகப் பட்டறை வைத்திருக்கும் அந்த மூத்த மெக்கானிக் கசிவைப் பார்க்கவே இல்லை. இன்ஜினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அதைத் தலைகீழாக அதே வாயில் வைத்தார். மூடி லேசாக நடுங்கியதே தவிரத் துள்ளவில்லை, புகையும் வரவில்லை. "பேக் கம்ப்ரஷன் அடிக்கலைங்க" என்று சொல்லிவிட்டு, இன்ஜினுக்குள் சேரும் வாயு வெளியேறும் பிரீதர் குழாயைக் கழற்றி உள்ளே அடைப்பிருக்கிறதா என்று ஊதிப் பார்த்தார். பிஸ்டன் ரிங் தேய்ந்தோ பிரீதர் அடைத்தோ இன்ஜினுக்குள் அழுத்தம் ஏறிவிட்டால், எத்தனை சீல் மாற்றினாலும் அது அடுத்த பலவீனமான இடத்தைத் தேடி எண்ணெயைத் தள்ளிக்கொண்டேயிருக்கும் என்பதால், இதைப் பார்க்காமல் கேஸ்கட்டில் கைவைப்பது வீண் என்பது அவர் கணக்கு. அதன் பிறகுதான், "எண்ணெய் மேல ஏறாதுங்க, கீழதான் எறங்கும். ஈரமா இருக்கறதுல எல்லாத்துக்கும் மேல இருக்கற எடம் எதுன்னு யாராச்சும் பாத்தாங்களா?" என்று கேட்டார். யாரும் பார்த்திருக்கவில்லை. பார்க்கவும் முடிந்திருக்காது, பதின்மூன்று ஆண்டுத் தூசியும் எண்ணெயும் சேர்ந்து இன்ஜினின் பின்பக்கம் முழுக்கக் கருப்பாக அப்பிக்கிடந்தது. போதாக்குறைக்கு, ஓடும்போது எதிர்க்காற்று எண்ணெயைப் பின்னோக்கித் தள்ளிவிடுவதால், கசியும் இடத்துக்கும் நனையும் இடத்துக்கும் சம்பந்தமே இல்லாமல் போய்விடுகிறது.

ஆகவே கழுவினோம். ஆல்டர்னேட்டரையும் வயரிங் கனெக்டர்களையும் பாலித்தீன் பை சுற்றிக் கட்டிவிட்டு, ஆறிய இன்ஜினில் பிரஷ்ஷால் டீசல் தொட்டுத் தேய்த்து, பனியன் வேஸ்டால் துடைத்து, ஷாம்பு கலந்த தண்ணீர் விட்டுக் கம்ப்ரசர் காற்றால் உலர்த்தினார். பட்டறைகளில் வழக்கமாக அடிக்கும் உயரழுத்தத் தண்ணீரை அவர் பக்கத்திலேயே விடவில்லை. பிறகு என்னை வீட்டிலிருந்து முகப் பவுடர் டப்பா கொண்டுவரச் சொன்னார். சிலிண்டர் ஹெட்டின் பின்முனை, ஹெட் கவர் விளிம்பு, அதன் கீழே கியர்பாக்ஸ் சேரும் இணைப்பு என்று பெல்ட்டும் காற்று இழுக்கும் குழாயும் இல்லாத பக்கமாகப் பார்த்துப் பவுடரை மெல்லப் பூசினோம். அவிநாசி சாலையில் நீலாம்பூர் வரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்தேன்.

பானட்டைத் திறந்து, பைக்கின் பக்கக் கண்ணாடி ஒன்றை உள்ளே நீட்டி டார்ச் அடித்துப் பார்த்தோம். புதிய ஹெட் கவர் கேஸ்கட்டைச் சுற்றிப் பவுடர் வெள்ளை வெளேரென்று அப்படியே இருந்தது. ஹெட்டின் பின்முனையில், பிரேக்குக்கு வேண்டிய வெற்றிடத்தை உண்டாக்கும் வேக்குவம் பம்ப் உட்காரும் இடத்தின் கீழ்ப்பாதியில் மட்டும், புருவத்துக்கு மை தீட்டியது போல மெல்லிய கருங்கோடு ஒன்று வளைந்திருந்தது. அதிலிருந்து ஒற்றை இழையாக எண்ணெய் இறங்கி, பெல் ஹவுசிங்கின் தோள்பட்டையில் தேங்கி, அங்கிருந்து இணைப்புக் கோட்டைப் பிடித்து அடிப்பகுதிக்குப் போயிருந்தது. கியர்பாக்ஸை இறக்கியிருந்தால் 24,000 ரூபாய் செலவழித்த பிறகும் அந்த இழை அப்படியே இறங்கிக்கொண்டிருந்திருக்கும்.

டீசல் இன்ஜினுக்கு எதற்கு வேக்குவம் பம்ப் என்று கேட்பவர்களுக்காக: பெட்ரோல் இன்ஜினில் த்ராட்டில் காற்றை மறிப்பதால் பெடலை மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடம் தானாகக் கிடைக்கிறது, டீசலில் அப்படி மறிக்கும் அமைப்பு இல்லாததால் தனியாக ஒரு பம்ப் வேண்டியிருக்கிறது. என் வண்டியில் அது வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டின் முனையில் பொருந்திச் சுழல்கிறது; உராயாமலிருக்க ஹெட்டிலிருந்தே எண்ணெய் வாங்கிக்கொள்கிறது. ஹெட்டுக்கும் பம்புக்கும் இடையே எண்ணெய் வெளியேறாமல் காப்பது ஒரே ஒரு ஓ-ரிங், அதாவது ரப்பர் வளையம். கழற்றுவதற்கு முன்பே பிரேக் வேக்குவம் சரியாக இருக்கிறதா என்று சோதித்துக்கொண்டோம்: இன்ஜினை நிறுத்திவிட்டு, பெடல் கல்லாக இறுகும்வரை நாலைந்து முறை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் காலுக்கடியில் இறங்க வேண்டும். இறங்கியது. ஆகவே பம்ப் நன்றாக இருக்கிறது, ரிங் மட்டும்தான் போயிருக்கிறது.

வெளியே வந்த ஓ-ரிங் என் மேசை இழுப்பறையில் இன்னும் இருக்கிறது. உருண்டையாக இருக்க வேண்டிய அதன் குறுக்குவெட்டு நான்கு பக்கமும் சப்பையாகிச் சதுரமாகிவிட்டது. நகத்தால் வளைத்தபோது ரப்பராக வளையவில்லை, பழைய பிளாஸ்டிக் போலச் சடக்கென்று உடைந்தது. சாதாரண நைட்ரைல் ரப்பர் 100 முதல் 120 டிகிரி வரைதான் நீண்ட காலம் தாங்கும். ஹெட்டின் வெப்பத்தில் பதின்மூன்று ஆண்டு இருந்ததே பெரிது. பாகங்கள் கடையில் இருநூறு டிகிரி வரை தாங்கும் விட்டான் ரப்பர் ரிங்கை அதே அளவில் கேட்டு வாங்கினேன்; 240 ரூபாய். இரண்டு முகங்களையும் பிளேடால் சுரண்டாமல் துணியாலேயே துடைத்து, ரிங்கில் புது ஆயில் தடவிப் பொருத்தி, போல்ட்டுகளை ஒரே மூச்சில் இறுக்காமல் மாற்றி மாற்றி இறுக்கினார். கூடவே கொஞ்சம் சிலிக்கான் பேஸ்டும் பூசலாமே என்று நான் கேட்டதற்கு, பிதுங்கும் பேஸ்ட் எண்ணெய் ஓடும் துவாரத்தை அடைத்தால் பம்பே போய்விடும் என்று கடிந்துகொண்டார். கூலி 800 ரூபாய்.

அடுத்த ஞாயிறு ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வால்பாறை போய், இரண்டாவது கியரிலேயே இறங்கி வந்தேன். மறுபடி பூசியிருந்த பவுடர் காய்ந்தே இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகளில் 29,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஆயில் மாற்றும் இடைவெளியான 10,000 கிலோமீட்டருக்குள் கேஜில் ஒரு விரற்கடை இறங்குகிறது. இந்த வயதுக்கு அதை நான் குறையாக எண்ணவில்லை. கசிந்த காலத்தில் எண்ணெய் குடித்து ஊறிப்போன ஓர் இன்ஜின் மவுண்டிங்கை (இன்ஜினைத் தாங்கும் ரப்பர் பிடிப்பை) மட்டும் 2024-இல் மாற்ற நேர்ந்தது. கசிவைத் தள்ளிப்போட்டதற்கான வட்டி அது. இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் ஆயில் சம்பின் விளிம்பில் லேசான ஈரம் இருக்கிறது. மெக்கானிக்குகள் இதைக் கசிவு என்று சொல்வதில்லை, வியர்வை என்பார்கள். துடைத்தால் மாதக்கணக்கில் துளியாகத் திரளாது. அதற்காகச் சம்பைக் கழற்ற வேண்டாம் என்று விட்டுவிட்டேன். கசிவை நிறுத்தும் என்று விற்கப்படும் கலவைகளை ஊற்றவில்லை, கெட்டியான ஆயிலுக்கும் மாறவில்லை; பழைய கிரேடுதான். 2025-இல் பதினைந்து ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்க வண்டியைக் காட்டியபோதும் அடிப்பாகம் உலர்ந்தே இருந்தது.

அட்டையை இன்னும் எடுக்கவில்லை. போன வாரம் ஒரு நாள் அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் தெரிந்ததும் அலுவலகப் பையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து, தொட்டு முகர்ந்து பார்த்தேன். ஏசித் தண்ணீர்.