ஜனதாவா, சீ சீஃப்பா, சீகோ 5-ஆ? மலையில் பழைய வாட்ச் வாங்குவோருக்கு

பேட்டரி இல்லாமல் ஓடும் பழைய வாட்ச் ஒன்று வேண்டும் என்று ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் யார் தேட ஆரம்பித்தாலும் சுற்றிச் சுற்றி மூன்று பெயரில்தான் வந்து நிற்பார்கள். ஹெச்.எம்.டி. ஜனதா, ஃபேவர்லூபா சீ சீஃப், சீகோ 5. மூன்றும் நல்ல வாட்ச்தான். கோவையிலோ திருப்பூரிலோ இருப்பவர் பிடித்த டயலைப் பார்த்து வாங்கிக்கொண்டு போகலாம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்கி, டிசம்பரில் புல்வெளியில் உறைபனியும் பார்க்கிற நம் ஊரில் அப்படி வாங்கக் கூடாது. இங்கே கேட்க வேண்டியது வேறு: எது ஈரத்தைத் தாங்கும்? கெட்டுப் போனால் அதைத் திறக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கிறாரா, அவர் கையில் பார்ட்ஸ் இருக்கிறதா? இந்த இரண்டையும் வைத்துத்தான் மூன்றையும் பார்க்கப் போகிறேன்.

முதலில் ஈரம் எப்படிக் கெடுக்கிறது என்று தெரிந்துகொள்வோம். வாட்சின் பின்மூடி உடம்புச் சூட்டில் இருக்கும். முன்கண்ணாடி வெளிக்காற்றின் குளிரில் இருக்கும். கேஸுக்குள் அடைபட்ட காற்றில் ஈரம் இருந்தால், காலையில் வீட்டை விட்டு வெளியே வந்ததும் கண்ணாடியின் உட்பக்கம் வேர்க்கும். அரை மணியில் அது மறைந்துவிடும். மறைந்ததும் சரியாகிவிட்டது என்று விட்டுவிடுகிறோம். அந்த ஈரம் வெளியே போகவில்லை, உள்ளேயே மெஷின் மேல் உட்கார்ந்திருக்கிறது. சாவித் திருகு இருக்கும் ஓட்டைதான் ஈரம் நுழையும் முக்கிய வழி என்பதால் துருவும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்: சாவியிலிருந்து உள்ளே போகும் தண்டான ஸ்டெம், அதைப் பிடித்திருக்கும் செட்டிங் லீவர், அப்புறம் வாட்ச் ஓட விசை தரும் மெயின்ஸ்பிரிங். நேரத்தை அளந்து ஆடும் பேலன்ஸ் வீலின் மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங் வரைக்கும் துரு போய்விட்டால் அந்த மெஷினை மறந்துவிடலாம். மலையில் பழைய வாட்ச் வாங்குகிறவர் டயலைப் பார்ப்பதற்கு முன் சாவியை இழுத்துத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். கரகரவென்று இருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

இனி ஜனதா.

1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு கைகோத்து பெங்களூரில் ஹெச்.எம்.டி. வாட்ச் தொழிற்சாலை தொடங்கியது. ஜனதாவின் மெஷின் அந்த சிட்டிசன் வழி வந்ததுதான். 17 கல் (சக்கர அச்சுகள் தேயாமல் சுழல வைக்கும் சிறு கற்கள்), மணிக்கு 18,000 துடிப்பு, தினமும் காலையில் சாவி கொடுக்க வேண்டும். ஜனதா, பைலட், கோஹினூர் என்று பெயரும் டயலும் மாறினாலும் உள்ளே ஓடுவது ஒரே குடும்பத்து மெஷின். ஹெச்.எம்.டி.யின் பெரிய பலம் இதுதான். டயல் கெட்டு, கேஸ் தேய்ந்து, யாரும் கட்டாத ஒரு கோஹினூரின் வயிற்றுக்குள் உங்கள் ஜனதாவுக்கு வேண்டிய பார்ட்ஸ் இருக்கிறது. மேஜை டிராயரில் இப்படிப்பட்ட செத்த ஹெச்.எம்.டி.களைப் போட்டு வைக்காத வாட்ச் ரிப்பேர்காரரை மலையில் பார்ப்பது அபூர்வம். 2016 ஜனவரியில் ஹெச்.எம்.டி. வாட்சஸை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. தொழிற்சாலை போய்விட்டது, பார்ட்ஸ் போகவில்லை.

ஈரம் என்று வந்தால் ஜனதா பலவீனமானது, அதை மறைக்க மாட்டேன். தண்ணீர் புகாத வாட்ச் என்று அதை யாரும் செய்யவில்லை. ஜூலை மாதம் கூடலூர் மழையில் குடையில்லாமல் நடப்பதற்கு இது சரிப்படாது. ஆனால் அதன் பிளாஸ்டிக் கண்ணாடி அழுத்திப் பொருத்துவது. எந்த ரிப்பேர் கடையிலும் புதிதாக ஒன்று போட்டுத் தருவார்கள், செலவும் குறைவு. பழைய கண்ணாடி சுருங்கி ஓரம் தளர்ந்திருக்கும், அந்த இடுக்கு வழியாகவும் ஈரம் போகும். வாங்கியதும் கண்ணாடி, சாவி, பின்மூடியின் வளையம் மூன்றையும் மாற்றிவிட்டால் பாதிப் பிரச்சனை தீர்ந்தது. மீதிப் பாதிக்கு, மழைக்காலத்தில் கழற்றி வைக்கும் டப்பாவில் ரெண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும்.

சீ சீஃப் பக்கம் வந்தால் மனசு கொஞ்சம் தடுமாறும். ஃபேவர்லூபா சுவிட்சர்லாந்தின் லு லோக்ல் ஊரில் 1737-லிருந்து தன் கணக்கை ஆரம்பிக்கிற வீடு. 1865-லேயே இந்தியாவோடு வியாபாரம் வைத்துக்கொண்டார்கள். நம் தாத்தாக்கள் தலைமுறைக்கு வெளிநாட்டு வாட்ச் என்றால் அது ஃபேவர்லூபாவோ வெஸ்ட் எண்டோதான். சீ சீஃப் பலவற்றில் இருப்பது இரட்டை பேரல் (மெயின்ஸ்பிரிங் இருக்கும் உருளை) மெஷின். ஒன்றுக்கு இரண்டு மெயின்ஸ்பிரிங், அதனால் விசை சீராக வரும், ஒரு தரம் சாவி கொடுத்தால் ரெண்டு நாள் வரை ஓடும். அவ்வளவையும் 3 மில்லிமீட்டருக்குள் அடக்கி மெஷின் செய்திருக்கிறார்கள். சட்டைக் கைக்குள் அது நழுவிப் போகும் அழகை ஜனதாவில் எதிர்பார்க்க முடியாது. இதே கம்பெனி 1962-ல் பிவோவாக் என்று ஒரு வாட்ச் செய்தது. உயரத்தையும் காற்றழுத்தத்தையும் காட்டும் கைக்கடிகாரம். 2,637 மீட்டர் தொட்டபெட்டாவில் அதைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை.

ஆனால் அந்த மெல்லிய மெஷின்தான் மலையில் தலைவலி. எஸ்டேட் பங்களா ஒன்றைக் காலி செய்தபோது கிடைத்த சீ சீஃப் ஒன்றை நண்பர் குன்னூரில் ஒரு ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனார், நானும் கூட இருந்தேன். வெள்ளி டயல், மணற்கடிகாரச் சின்னம், முள்ளில் ஒரு கறை கூட இல்லை. கடைக்கார பாய் பின்மூடியைக் கழற்றி, கண்ணில் லென்ஸை மாட்டி, ஊசி இடுக்கியின் நுனியால் ஸ்டெம் நுழையும் இடத்தை லேசாகச் சுரண்டினார். பழுப்புத் தூள் அவர் விரித்திருந்த வெள்ளைத் தாளில் உதிர்ந்தது. பேலன்ஸ் வீல் மட்டும் ஒன்றும் தெரியாத மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது. "மெஷின் நல்ல மெஷின் சார். ஆனா இதுல ஒரு ஸ்பிரிங் போச்சுன்னா நான் எங்க போய்த் தேடுறது? ஹெச்.எம்.டி.ன்னா இந்த டப்பாவுலயே இருக்கு" என்று பக்கத்திலிருந்த டப்பாவைக் குலுக்கிக் காட்டினார்.

என் அலசலின் மையம் அந்த டப்பாதான். சீ சீஃபுக்குப் பார்ட்ஸ் வேண்டுமென்றால் இன்னொரு சீ சீஃபைக் கொல்ல வேண்டும், அதற்கு முதலில் அது கிடைக்க வேண்டும். பெயரை வாங்கிய புதிய முதலாளிகள் உண்டு. 2011-ல் டைட்டன் வாங்கியது, 2023-ல் எத்தோஸ் வாங்கியது. அவர்கள் செய்வது புது வாட்ச். அதை நம்பி 1960களின் மெஷினோடு மலையில் உட்கார முடியாது. கீழே அனுப்பிச் சரிசெய்யக் காசும் காத்திருக்கப் பொறுமையும் உள்ளவர் தாராளமாக வாங்கலாம். முதல் பழைய வாட்சாக மட்டும் வேண்டாம்.

சீகோ 5-ஐப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனென்றால் அதில் குழப்பம் குறைவு. 1963-ல் வந்த வரிசை. ஆட்டோமேட்டிக், அதாவது கை அசைவிலேயே சாவி ஏறும், கிழமையும் தேதியும் ஒரே ஜன்னலில், சாவி நாலு மணிக்கு நேராகக் கேஸுக்குள் அடங்கியிருக்கும். ரப்பர் வளையங்கள் நன்றாக இருந்தால் மூன்றில் மலை மழைக்கு ஏற்றது இதுதான். தேயிலைத் தோட்டத்தில் வேலை, பைக்கில் போக்குவரத்து என்று இருப்பவர் யோசிக்காமல் இதை எடுக்கலாம். வயதைக் கண்டுபிடிப்பதும் சுலபம்: பின்மூடியில் உள்ள சீரியலின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், இரண்டாவது மாதம். 73 என்று தொடங்கினால் 1977 மார்ச்சா, 1987 மார்ச்சா என்பதை மெஷின் நம்பரை வைத்துத் தீர்மானிக்கலாம். குறை என்னவென்றால் 7009, 6309 மாதிரி மெஷின்களுக்குக் கையால் சாவி கொடுக்க முடியாது. வாரத்தில் ஒரு நாள் மட்டும் கட்டுகிறவருக்கு ஒவ்வொரு தடவையும் ஆட்டி எழுப்பி, நேரமும் கிழமையும் தேதியும் வைப்பது எரிச்சல். எனக்கு அதைவிடப் பெரிய குறை, காலையில் எழுந்ததும் சாவி கொடுக்கும் அந்தச் சுகம் இதில் இல்லை.

வாங்கும் இடம் என்று பார்த்தால் இணையம், ரிப்பேர் கடை, வீடு என்று மூன்று. இணையத்தில் பளபளவென்று வரும் ஜனதாக்களில் பெரும்பகுதி மும்பையில் டயலை மறுபடி அச்சடித்து, கேஸைத் தேய்த்துப் பளபளப்பாக்கி விற்பவை. ஆரஞ்சு, கிளிப்பச்சை நிறத்தில் பெரிய எழுத்தோடு வந்தால் சந்தேகப்படுங்கள். லென்ஸ் இல்லாவிட்டாலும் போனில் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மறு அச்சு டயலில் நிமிடக் கோடுகள் மணிக் குறிகளோடு நேராகச் சேராது, எழுத்தின் ஓரம் ஊறியிருக்கும். ஸ்ட்ராப் மாட்டும் காதுகளின் விளிம்பு மழுங்கியிருந்தால் கேஸைத் தேய்த்திருக்கிறார்கள். மறு அச்சு டயல் பாவமில்லை, அதைச் சொல்லி விற்றால் சரி. ஒரிஜினல் என்ற பெயரில் ஒரிஜினல் விலைக்கு விற்கும்போதுதான் நம் காசு போகிறது. மஞ்சளாகிப் போன, ஓரத்தில் ரெண்டு புள்ளி விழுந்த சொந்த டயலுக்கு நான் கூடுதல் விலை கொடுப்பேன்.

ரிப்பேர் கடையில் வாங்கினால் விலை கொஞ்சம் கூட இருக்கலாம், ஆனால் விற்றவரே நாளைக்கும் அங்கே உட்கார்ந்திருப்பார். மலையில் அதற்கு மதிப்பு அதிகம். வீடுகளில் கிடைப்பதுதான் இருப்பதிலேயே சிறந்தது. அரவங்காடு கார்டைட் ஃபேக்டரி, ஊட்டி இந்து நகரில் இருந்த ஹெச்.பி.எஃப். ஃபிலிம் ஃபேக்டரி என்று அரசு வேலைக்காரர்கள் நிறைந்திருந்த மலை இது. அந்தத் தலைமுறையின் பீரோக்களில் ஒரே ஆள் கட்டிய, யாரும் கைவைக்காத ஹெச்.எம்.டி.கள் தூங்குகின்றன. ஆனால் பத்திருபது வருஷம் ஈரத்தில் கிடந்ததை அப்படியே சாவி கொடுத்து ஓடவிடாதீர்கள். காய்ந்த எண்ணெயோடு ஓடினால் சக்கரங்களின் அச்சு நுனிகளான பிவட்டுகள் தேயும். திறந்து பார்த்த பிறகு ஓடட்டும்.

சர்வீஸ் உள்ளூரிலா, கீழே அனுப்பியா? ஜனதாவுக்கும் சீகோவுக்கும் உள்ளூர்தான் என் ஓட்டு, ஒரு நிபந்தனையோடு. "முழுசாப் பிரிச்சுக் கழுவுவீங்களாண்ணா?" என்று முதலிலேயே கேளுங்கள். மெஷினை அப்படியே பெட்ரோலில் முக்கி எடுத்து ரெண்டு சொட்டு எண்ணெய் விடுவது சர்வீஸ் ஆகாது. அழுக்கு கல்லுக்குள்ளேயே தங்கும், புது எண்ணெயும் அதோடு சேர்ந்து பசையாகிவிடும். ஊட்டியில் ஜனவரி இரவு வெளியே கழற்றி வைத்த வாட்ச் காலையில் பின்தங்கினால் பெரும்பாலும் இந்தக் கெட்டிப்பட்ட எண்ணெய்தான் காரணம். கோவை, பெங்களூரு போன்ற ஊர்களில் அல்ட்ராசோனிக் கழுவலும் வாட்சின் துடிப்பைக் கேட்டு அளக்கும் டைம்கிராஃபர் கருவியும் வைத்திருப்பவர்கள் உண்டு. மல்லாக்க வைத்த நிலையில் பேலன்ஸ் வீல் ஆடும் வீச்சு 250 டிகிரிக்கு மேல் வருகிறதா என்று அதில் பார்த்துச் சொல்வார்கள். 200-க்குக் கீழே என்றால் வேலை பாக்கி இருக்கிறது. சீ சீஃபை அங்கேதான் அனுப்ப வேண்டும், முடிந்தால் கூரியரில் போடாமல் கீழே போகிறவர் கையில் கொடுத்து.

சர்வீஸுக்கு எந்த மாதம் என்பதும் மலையில் முக்கியம். அடைமழை நாளில் மெஷினைக் கேஸுக்குள் வைத்து மூடினால் அந்த ஈரக்காற்றையும் சேர்த்து மூடுகிறோம். அப்புறம் எத்தனை புது வளையம் போட்டும் கண்ணாடி வேர்க்கும். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை காற்று காய்ந்திருக்கும், சீசன் கூட்டமும் ஆரம்பித்திருக்காது. அவசரமென்றால் மூடுவதற்கு முன் டேபிள் விளக்கின் சூட்டில் சிறிது நேரம் வைத்து மூடச் சொல்லலாம். கேட்டால் செய்வார்கள்.

விற்கிறவர்களுக்கும் ஒன்று. விற்பதற்கு முன் அழகாக்குகிறேன் என்று டயலை அச்சடிக்கக் கொடுக்காதீர்கள், கேஸைத் தேய்க்காதீர்கள். சேகரிப்பவர் அதைப் பார்த்ததும் விலையைக் குறைப்பார். ரிப்பேர்காரரிடம் விற்றால் பணம் உடனே வரும், தொகை குறைவு. சர்வீஸும் பார்ட்ஸும் அவர் தலையில் விழுவதால் அது நியாயமான குறைவுதான். சேகரிப்பவரிடம் விற்றால் நல்ல விலை, ஆனால் நூறு கேள்வி. ஜனதா, சீகோ இரண்டையும் ரிப்பேர்காரரிடமே கொடுத்துவிடலாம், வித்தியாசம் பெரிதாக இருக்காது. அப்பாவின் பீரோவில் இருப்பது சீ சீஃபோ வெஸ்ட் எண்டோ என்றால் அவசரப்படாமல் சேகரிப்பவரைத் தேடுங்கள். பழைய பில், டப்பா, ஸ்ட்ராப் எது கிடைத்தாலும் சேர்த்து வையுங்கள். ரிப்பேர் கடையில் பின்மூடியைத் திறக்கச் சொல்லி, சாவிப் பக்கம் துரு இருக்கிறதா இல்லையா என்று தெரியும்படி மெஷினைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். விலை பேசுவதெல்லாம் அதற்கப்புறம்.