கிட்ஹப் பேஜஸ்: பாடம் எடுக்குறவங்களுக்கு ஏத்த ஃப்ரீ ஹோஸ்டிங்

காலேஜ் சைட்ல இருக்குற ப்ரொஃபைல் பக்கம் நம்ம கையில இல்லங்க, வேலை மாறினா அதுவும் போயிடும், அதனாலதான் பாடம் எடுக்குறவங்க ஆராய்ச்சி பண்றவங்க எல்லாருக்கும் சொந்தமா ஒரு சைட் கண்டிப்பா வேணும்னு சொல்றேன், அதுக்கு நான் யூஸ் பண்றது கிட்ஹப் பேஜஸ், அதாவது கோடு சேமிச்சு வைக்கிற கிட்ஹப் தளம் தர்ற வெப்சைட் வசதி. காசு கிடையாது, விளம்பரமும் வராது. 1 ஜிபி வரைக்கும் இடம், பேப்பர் பிடிஎஃப், ஸ்லைடு, சிலபஸ் எல்லாம் போட தாராளம். சொந்த டொமைன் வாங்கி இணைச்சுட்டா நாளைக்கு வேற ஹோஸ்டிங் போனாலும் அட்ரஸ் மாறாது, எனக்கு ரொம்ப பிடிச்சது இதுதான். ஜெக்கில் (நாம டைப் பண்றத வெப் பக்கமா மாத்துற டூல்) தீம் ஒண்ண எடுத்துட்டு மார்க்டவுன்ல (தலைப்பு, லிங்க்குக்கு சின்னக் குறி போட்டு எழுதுற எளிய முறை) டைப் பண்ணி சேவ் பண்ணா கொஞ்ச நேரத்துல பக்கம் வந்துடும்.

குறைன்னு பாத்தா, கிட் (ஃபைல்ல பண்ற மாத்தங்களை பதிவு பண்ணி வைக்கிற சாஃப்ட்வேர்) பழக்கம் இல்லாதவங்களுக்கு ஆரம்பத்துல கஷ்டம், அவங்க கூகுள் சைட்ஸே எடுத்துக்கலாம். பிஎச்பி மாதிரி சர்வர்ல ஓடுற கோடு, டேட்டாபேஸ் எதுவும் ஓடாது. ஃப்ரீ அக்கவுண்ட்ல ரெப்போ (சைட் ஃபைல் எல்லாம் இருக்குற ஃபோல்டர்) யார் வேணா பாக்குற மாதிரி பப்ளிக்கா இருக்கணும், அதனால மாணவங்க மார்க் லிஸ்ட் மாதிரி எதையும் தயவுசெஞ்சு அதுல வைக்காதீங்க. ஜர்னல்ல வந்த பேப்பரை ஏத்துறதுக்கு முன்னாடி பதிப்பகத்தோட ரூல்ஸ் பாத்துக்கோங்க, நிறைய பதிப்பகங்க ப்ரீப்ரின்ட் (ஜர்னல் ரிவ்யூக்கு முன்னாடி இருந்த வடிவம்) போட விடுறாங்க. அப்புறம் ஆர்கிட் நம்பர் (ORCID, ஆராய்ச்சியாளர் ஒவ்வொருத்தருக்கும் தனியா இருக்குற அடையாள எண்) லிங்க் முதல் பக்கத்துலயே கொடுத்துடுங்க, அதே பேர்ல இருக்குற வேற ஆளோட பேப்பர் உங்களோடதுன்னு யாரும் குழம்ப மாட்டாங்க.