ரூட் கெனால் செய்துகொண்ட பல் மருத்துவமனை: என் மதிப்பீடு

கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல்லுக்கு நான் ரூட் கெனால், அதாவது பல் வேரின் உட்புறத்தைச் சுத்தம் செய்து அடைக்கும் சிகிச்சை, செய்துகொண்ட பல் மருத்துவமனையைப் பற்றிய மதிப்பீடு இது. முதலில் சென்ற வேறோர் இடத்தில் ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளை மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நான்கே நாளில் வலி அடங்கியதால் பல் குணமாகிவிட்டது என்றே நம்பியிருந்தேன். சொத்தை, பல்லின் நடுவே நரம்பும் இரத்தக் குழாய்களும் உள்ள மென்மையான பற்கூழ் வரை இறங்கி, உள்ளிருந்த நரம்பு செத்துப்போனதால்தான் வலி நின்றது என்றும், இரத்த ஓட்டம் அற்றுப்போன இடத்துக்கு மாத்திரை போய்ச் சேராது என்றும் இங்குள்ள மருத்துவர் எக்ஸ்ரேயைக் காட்டி விளக்கினார். வேர் நுனியைச் சுற்றி எலும்பு அரித்திருந்த இடம் கருநிழலாக என் கண்ணுக்கே தெரிந்தது.

சிகிச்சை இரண்டு தடவையாக நடந்தது. மரத்துப்போக ஊசி போட்டபின், அந்தப் பல் மட்டும் வெளியே தெரியும்படி ஒரு ரப்பர் விரிப்பைப் பொருத்தினார்கள். எச்சில் பல்லுக்குள் இறங்காமலும், மருந்தும் கருவிகளும் தொண்டைக்குள் போகாமலும் காப்பது இதுதான். நேரம் பிடிக்கும் என்று இதைத் தவிர்க்காததற்காகவே இம்மருத்துவமனையைத் தனியாகப் பாராட்ட வேண்டும். ஃபைல் எனப்படும் மயிரிழை போன்ற கருவியில் ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கிறது. வேரின் நீளத்தை மின்கருவியால் அளந்து, அந்த வளையத்தை அளவுக்குத் தள்ளி நிறுத்திக்கொண்ட பிறகே மருத்துவர் உள்ளே சுரண்டத் தொடங்கினார். வேருக்குள் ஓடும் நுண்குழாய்களான கால்வாய்கள் மூன்று கிடைத்த பின்னும், நான்காவது ஒன்று ஒளிந்திருக்கக்கூடும் என்று பொறுமையாகத் தேடினார். விடுபட்ட கால்வாயில் தங்கும் கிருமிகளாலேயே பல சிகிச்சைகள் பின்னாளில் தோற்றுப்போகின்றன. சோடியம் ஹைப்போகுளோரைட் என்னும் கிருமிகொல்லிக் கரைசலால் திரும்பத் திரும்பக் கழுவி, அடுத்த தடவை கட்டா பெர்ச்சா என்னும் மரப்பால் பொருளால் அடைத்தார். அதன்பின் மூன்று நாள் கடிக்கும்போது மட்டும் வலித்தது.

குறை ஒன்று உண்டு. பல்லை மூடும் உறையான கேப் போட்டே ஆக வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லாமல், எல்லாம் முடிந்து எழும்போதுதான் சொன்னார்கள். சொத்தையில் பாதி கரைந்து, மேலிருந்து துளையும் விழுந்த கடைவாய்ப் பல் மெல்லும் அழுத்தத்தில் பிளந்து, பிளவு வேருக்குள் இறங்கிவிட்டால் பெரும்பாலும் பிடுங்கத்தான் வேண்டியிருக்கும் என்பதால், இது போகிற போக்கில் சொல்லும் செய்தி அன்று.

ஆறு மாதம் கழித்து அவர்களே அழைத்து மறுபடி எக்ஸ்ரே எடுத்தார்கள். பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்துக் காட்டியபோது, வேர் நுனியில் இருந்த அந்தக் கருநிழல் பாதிக்கு மேல் சுருங்கியிருந்தது.