‘சீசன் பேக்கேஜ்’ வாங்காதீர்கள்: எனக்குப் போனது 6,499 ரூபாய்

ஃபேன்டஸி கிரிக்கெட்டுக்கு (நிஜ ஆட்டக்காரர்களை வைத்து நாம் ஓர் அணி அமைத்தால், அவர்கள் ஆடுவதைப் பொறுத்து நமக்குப் புள்ளி கிடைக்கும் விளையாட்டு) அணி அமைத்துத் தருகிறேன் என்று செய்திச் செயலியில் சேனல் நடத்தும் ஒருவனிடம் 6,499 ரூபாயைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். சேனலின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் நாளைக்கே வேறு பெயரில் கடை விரிப்பான். அணியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று இதில் நான் கற்றதைக் கடைசியில் எழுதுகிறேன்.

2025 மார்ச் 23, ஞாயிறு. சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மும்பைக்கும் ஐபிஎல் ஆட்டம். மதியமே இலவசமாக ஓர் அணி அனுப்பினான். கேப்டன், சென்னையின் சுழற்பந்துவீச்சாளர் நூர் அகமது. கேப்டனுக்குப் புள்ளிகள் இரட்டிப்பு என்பதால் மட்டையாளரை விட்டுவிட்டுப் பந்துவீச்சாளரைப் போடுவதா என்று கேட்டேன். குரல் பதிவில் பொறுமையாகச் சொன்னான்: “தம்பி, ஆட்களை எடுக்கத் தருகிற 100 கிரெடிட்டையும் பெரிய பெயர்களுக்கே கொட்டினால் கடைசி இரண்டு இடத்துக்குப் பந்தும் மட்டையும் கிடைக்காத ஆட்கள்தான் மிஞ்சுவார்கள். ஊரெல்லாம் எடுக்கிற கேப்டனை நீயும் எடுத்தால் ஊரோடு ஊராகத்தான் நிற்பாய்.” அன்று நூர் அகமது 18 ரன் கொடுத்து 4 விக்கெட் எடுத்தார். எனக்கு அந்தக் குரல் அசரீரி ஆகிவிட்டது. அவன் சொன்ன கணக்கு இப்போது யோசித்தாலும் சரிதான். அதுதான் வயிற்றெரிச்சல்.

திங்கட்கிழமை சீசன் முழுவதற்கும் 4,999 ரூபாய் அனுப்பினேன். முதல் வாரத்திலேயே லாபம் வராவிட்டால் முழுப் பணமும் திரும்ப வரும் என்றான். பணம் போய்ச் சேர்ந்த கணக்கு யாரோ ஒரு பெண்ணின் பெயரில் இருந்தது. “வீட்டுக்காரி கணக்கு, தம்பி” என்றான். நானும் தலையாட்டினேன்.

மார்ச் 28, வெள்ளி. சென்னை, பெங்களூரு. டாஸ் போடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அணி வந்துவிட்டது. எட்டுப் பேர் சென்னை ஆட்கள், கேப்டன் ருதுராஜ். நான் பெங்களூருவின் வேகப்பந்துவீச்சாளர் ஹேசல்வுட் வேண்டும் என்றேன். “சேப்பாக்கத்தில் வேகப்பந்து எதற்கு? 2008-க்குப் பிறகு பெங்களூரு இங்கே ஜெயித்ததே இல்லை. ஜடேஜாவை வை” என்றான். நான் எடுத்து வைத்திருந்த ஹேசல்வுட்டை என் கையாலேயே நீக்கினேன். நடந்தது உங்களுக்கே தெரியும். பெங்களூரு 196, சென்னை 146. பதினேழு ஆண்டுகளாக நடக்காதது நான் பணம் கட்டிய வாரத்தில்தான் நடக்க வேண்டுமா? ருதுராஜ் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. அவரை வீழ்த்தியவர் ஹேசல்வுட். மொத்தம் 3 விக்கெட். ஜடேஜாவுக்கு விக்கெட்டே இல்லை. 49 ரூபாய் போட்டிகள் இருபதில் சேர்ந்து 980 ரூபாயை இழந்தேன். அது என் சூது, அதை அவன் கணக்கில் எழுத மாட்டேன்.

தோல்விக்காக இதை எழுதவில்லை. சனிக்கிழமை காலை சேனலைத் திறந்தால் பட்டாசுப் படங்கள்: “நேற்றும் வெற்றி! நம் கேப்டன் பட்டிதார்!” எனக்கு அனுப்பிய அணியைத் தேடினேன், அழித்திருந்தான். என்னோடு பட்டறையில் வேலை செய்பவனும் வேறொரு குழுவில் பணம் கட்டியிருந்தான் என்பது அன்றுதான் தெரிந்தது. அதே குரல், அதே “தம்பி”. அவனுக்கு வந்த கேப்டன் பெங்களூரு மட்டையாளர் பட்டிதார். முந்தைய ஞாயிறு அவனுக்கு வந்தது ரோஹித், எனக்கு நூர் அகமது. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கேப்டனை அனுப்பினால் ஏதாவது ஒன்று பலிக்காமலா போகும்? பலித்ததைப் படம் பிடித்துப் போடுகிறான், மற்றதை அழிக்கிறான். நண்பனோ, “எனக்கு 300 ரூபாய் வந்ததே” என்கிறான். அவனிடம் என்ன பேசுவது?

பணத்தைக் கேட்டேன். முதலில், “விளையாட்டு என்றால் அப்படித்தான்.” பிறகு, “அக்கவுன்ட்ஸ் பிரிவில் கேளுங்கள் சார்.” தம்பி அன்றோடு சார் ஆகிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை அந்த அக்கவுன்ட்ஸ் பிரிவே பேசியது (அதே குரல்தான், கொஞ்சம் மூக்கைப் பிடித்துக்கொண்டு): திருப்பித் தர வேண்டுமானால் ஜிஎஸ்டி 1,500 ரூபாய் முன்பணம், அதுவும் சேர்ந்தே திரும்பும். கட்டினேன். ஆமாம், கட்டினேன். 4,999-ஐ மீட்கப் போய் 6,499 ஆக்கிக்கொண்டேன். அதன் பிறகு நான் அனுப்பும் செய்திகளுக்கு ஒற்றை டிக் மட்டும்தான்.

கற்றதை எழுதுகிறேன் என்றேன். எழுத மனம் ஓடவில்லை, இவ்வளவுதான். ஏழு மணிக்கு டாஸ் முடிந்து பதினொரு பேர் பட்டியல் வரும் முன் எந்த அணியையும் இறுதி செய்யாதீர்கள். இம்பாக்ட் பிளேயர் விதி வந்த பிறகு பட்டியலில் இல்லாதவரும் ஆடுவார், இருப்பவரும் பாதியில் வெளியேறுவார், அதையும் பாருங்கள். கேப்டனை யாரிடமும் காசு கொடுத்து வாங்காதீர்கள். பணத்தைத் திருப்பித் தரப் பணம் கேட்டால் அந்த நொடியே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழையுங்கள். வரும் அணிகளையெல்லாம் உடனே படம் எடுத்து வையுங்கள், நான் எடுக்கவில்லை. எனக்குப் புகார் எண் வந்திருக்கிறது, 6,499 ரூபாய் வரவில்லை.

நேற்று நண்பனின் போனில் பார்த்தேன். ஏப்ரல் சலுகையாம், சீசன் முழுவதும் 3,999 ரூபாய்.